கேங்ஸ்டர் கேம் ஆடும்போது ஊரையும் கவனிப்பது எப்படி

2001-இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3-ஐ இன்னும் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்து பாருங்கள். மிஷன் எதையும் தொடாமல் அதன் கற்பனை நகரமான லிபர்ட்டி சிட்டியில் சும்மா வண்டி ஓட்டுங்கள். இத்தாலிய மாஃபியா கருப்பு சென்டினல் காரில் வரும். சீன ட்ரையட் ஆட்கள் மீன் கம்பெனி வேனில் வருவார்கள். ஜப்பானிய யகுசாவுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஜமைக்கா யார்டிகளுக்கு வேறொரு கார், கொலம்பியாவின் போதைக் கும்பலான கார்ட்டெலுக்குப் பெரிய பிக்கப் டிரக். ஓர் இனத்துக்கு ஒரு பேட்டை, ஒரு சட்டை, ஒரு வண்டி. பதினைந்து நிமிடத்தில் நமக்கு எல்லாரையும் தெரிந்துவிடும், ஒருவரோடும் பேசியிருக்க மாட்டோம்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். வெளிநாட்டு கேம்களுக்குச் சுவர், கடை, பெயர்ப்பலகை, குப்பைத்தொட்டி செய்து கொடுப்பதுதான் என் வேலை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்தே இராத ஊர்களின் தெருக்களைக் கட்டியிருக்கிறேன். ஆடுபவர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே ‘இது சீனர்கள் ஏரியா’ என்று அவருக்குப் புரிந்துவிட வேண்டும் என்பார்கள். அந்த வேகத்தில் எது புரியும்? சிவப்பு விளக்கு, டிராகன், மீன் வேன். கலைஞருக்கு யார் மேலும் கோபம் இருக்காது, நேரம்தான் இருக்காது. கேம்களில் வரும் ஸ்டீரியோடைப்பில் பாதி வன்மத்தால் வருவதில்லை, அவசரத்தால் வருகிறது என்பது என் கணக்கு. மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் ஆடிக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு நான் செய்கிற வேலைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். கேமைத் தடை செய்யச் சொல்லும் கட்டுரை இல்லை இது. எனக்கு இந்த கேம்கள் பிடிக்கும், என் அக்கா மகனுக்கு என்னைவிடப் பிடிக்கும். ஒன்று மட்டும்: இங்கே பேசப்போகிறவை எல்லாம் பெரியவர்களுக்கான கேம்கள். அவன் கல்லூரிக்குப் போகும்வரை நான் அவனோடு உட்கார்ந்து இவற்றை ஆடவில்லை.

முதலில் முகவரியைப் பாருங்கள்

கேமைத் தொடங்குவதற்கு முன் அதைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தேடுங்கள். இரண்டு நிமிட வேலை. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்றால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். முதல் கேம் 1997-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் உருவானது. பிறகு வந்த பெரிய பாகங்களுக்குத் தலைமை வகித்த ஸ்டூடியோ எடின்பரோவில் இருக்கிறது. கதையைச் சுமந்த ஹவுசர் சகோதரர்கள் லண்டன்காரர்கள். ஆக, அமெரிக்காவை அமெரிக்கத் திரைப்படங்கள் வழியாகப் பார்த்து வளர்ந்த பிரிட்டன்காரர்கள், அந்த அமெரிக்காவைக் கிண்டல் செய்து அமெரிக்கர்களுக்கே விற்றார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அதன் விளம்பரப் பலகைகளைப் படியுங்கள். துப்பாக்கிக் கடை, பர்கர் கடை, டிவி சாமியார் என்று எல்லாவற்றின் மேலும் ஒரு வெளியூர்க்காரரின் நக்கல் தெரியும்.

அதேபோல 2002-இல் வந்த மாஃபியா, 1930-களின் அமெரிக்க நகரம் ஒன்றைக் காட்டுகிறது. செய்தது செக் குடியரசின் பிர்னோ நகரத்து ஸ்டூடியோ. ஹாங்காங்கில் நடக்கும் ஸ்லீப்பிங் டாக்ஸ், 2012, கனடாவின் வான்கூவரில் செய்தது. பொலிவியாவில் நடக்கும் கோஸ்ட் ரீகான் வைல்ட்லேண்ட்ஸ், 2017, பாரிஸில் செய்தது.

முகவரி தெரிந்ததும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ‘வெளியூர்க்காரன் செய்தான், அதனால் தப்பு’ என்பது சோம்பேறி விமர்சனம். முகவரி அடுத்த கேள்விக்குத்தான் உதவும்: இவர்கள் அந்த ஊருக்குள் நம்மை யாராக அனுப்புகிறார்கள்?

ஹீரோ யார்? உள்ளூர்க்காரரா, திரும்பி வந்தவரா, வந்து இறங்கியவரா?

இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஸ்லீப்பிங் டாக்ஸின் வெய் ஷென் ஹாங்காங்கில் பிறந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர், திரும்பி வந்து போலீஸின் ரகசிய ஆளாக ட்ரையட் கூட்டத்தில் சேர்கிறார். வான்கூவர்க்காரர்கள் இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனம். ஊர் பாதி தெரியும், பாதி தெரியாது. தெருவில் யாராவது அவருக்கு எதையாவது விளக்கிச் சொன்னால் அது நமக்குமான விளக்கம் ஆகிவிடுகிறது, செயற்கையாகத் தெரிவதில்லை.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4-இன் நிகோ பெல்லிக் 2008-இல் கப்பலில் வந்து இறங்குகிறார். கிழக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு. செர்பிய மொழி பேசுகிறார், போரில் அடிபட்டவர், ஆனால் எந்த நாடு என்று கேம் கடைசிவரை சொல்லாது. எனக்கு இதில் இரண்டு மனம். நாட்டின் பெயரைச் சொல்லாமல் விட்டது வசதிக்காக என்றும் தோன்றும், ஒரு குறிப்பிட்ட நாட்டுக்காரர்களைப் புண்படுத்தாமல் இருக்க என்றும் தோன்றும். ஆனால் நிகோவுக்கு ஒரு சித்தப்பா மகன் இருக்கிறான், கடன் இருக்கிறது, ஏமாற்றம் இருக்கிறது. ‘பெரிய மாளிகையில் இருக்கிறேன்’ என்று பீற்றிக்கொண்டவன் கரப்பான்பூச்சி ஓடும் அறையில் குடியிருப்பதை அவர் வந்த அன்றே பார்க்கிறார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த ஊரிலும் இந்தக் காட்சி புரியும்.

மூன்றாவது வகை, வேலை நிமித்தமாக வந்து இறங்குகிறவர். வைல்ட்லேண்ட்ஸில் நாம் நான்கு அமெரிக்கச் சிறப்புப் படை வீரர்கள். சாவோ பாவ்லோவில் நடக்கும் மேக்ஸ் பெய்ன் 3-இல் பணக்காரக் குடும்பத்துக்குக் காவலாக வந்த அமெரிக்க முன்னாள் போலீஸ்காரர். இந்த வகைக்கு ஒரு நோய் உண்டு: உள்ளூர்க்காரர் இரண்டே வகைப்படுவார். சுட வேண்டியவர், இல்லையென்றால் காப்பாற்ற வேண்டியவர்.

முதல் ஒரு மணி நேரம் நடங்கள்

மிஷன் குறியைப் பார்க்காதீர்கள். வண்டியில் ஏறாதீர்கள். அவசரத்துக்காகச் செய்த அடையாளங்கள் நடக்கும்போதுதான் வெளுக்கும். வேகத்தில் உண்மையாகத் தெரிந்த தெரு, நடந்தால் ஐந்து சுவர்களைத் திருப்பித் திருப்பி ஒட்டியதாகத் தெரியும். அது தொழிலில் சகஜம், குற்றமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது எந்தப் பேட்டையில் ஒட்டுவேலை அதிகம் என்பதை. பணக்காரர் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலும் வேறுவேறாக இருந்து, ஏழைகள் தெருவில் ஒரே சாக்கடையும் ஒரே கொடிக்கயிறும் திரும்பத் திரும்ப வந்தால், நேரமும் பணமும் எங்கே செலவாயின என்பது தெரிந்துவிடும்.

நடப்பதற்கு மிகச் சிறந்த கேம் எது என்றால் யோசிக்காமல் யகுசா என்பேன். சேகா நிறுவனத்தின் இந்த வரிசை ஜப்பானில் 2005 டிசம்பரில் தொடங்கியது. நடக்கும் இடம் காமுரோச்சோ, டோக்கியோ ஷின்ஜுகுவின் கபுகிச்சோவை வைத்துச் செய்த சின்னஞ்சிறு பேட்டை. பத்து நிமிடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். ஆனால் ராமென் நூடுல்ஸ் கடை, இருபத்துநான்கு மணி நேரக் கடை, பேஸ்பால் பேட்டிங் பயிற்சிக் கூடம், பாட்டுப் பாடும் பார் எல்லாம் உள்ளே போய் உட்காரும்படி இருக்கும். டான் கிஹோடே என்ற நிஜக் கடையே தன் பெயரோடு இருக்கிறது. ஹீரோ கிரியு வழியில் போகிற பொதுமக்களை அடிக்க முடியாது, கேம் விடாது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு முதலில் கை கட்டிப்போட்டதுபோல இருக்கும். அந்தத் தடையிலேயே ஒரு நாட்டின் பார்வை இருக்கிறது. அமெரிக்க நகரத்தைப் பிரிட்டன்காரர்கள் செய்தபோது வழிப்போக்கர் நம் வண்டிக்கு முன்னால் விழுகிற பொம்மை. டோக்கியோவை டோக்கியோக்காரர்கள் செய்தபோது வழிப்போக்கர் அக்கம்பக்கத்தவர். நின்று பேசினால் மகளைப் பற்றிப் புலம்புவார், தொலைந்த பொருளைத் தேடித் தரச் சொல்வார்.

வைல்ட்லேண்ட்ஸிலும் நடந்து பாருங்கள். உயுனி உப்புவெளி, மலைப்பாதை, மேகம் எல்லாம் வாயடைத்துப்போகும் அளவுக்குச் செய்திருக்கிறார்கள். என் தொழில்காரர்களின் உழைப்பு என்பதால் எனக்குப் பெருமைகூட. பிறகு ஒரு கிராமத்துக்குள் போய் அங்கே யாராவது என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். மலையை ஆயிரம் போட்டோ எடுத்துக்கொண்டு வரலாம். ஒரு குடும்பத்தின் சாயங்காலத்தை அப்படி எடுத்துக்கொண்டு வர முடியாது.

நோட்டில் எழுத வேண்டியது

இதுதான் முக்கியமான பகுதி. நோட்டில் இடப்பக்கம் கேமில் வரும் ஒவ்வொரு சமூகத்தின் பெயரையும் எழுதுங்கள். வலப்பக்கம், துப்பாக்கி தூக்குவது தவிர அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள் என்பதை எழுதுங்கள். சாப்பிடுகிறார்களா, அம்மாவோடு சண்டை போடுகிறார்களா, வாடகை கட்ட முடியாமல் திண்டாடுகிறார்களா, ஜோக் சொல்கிறார்களா, பயப்படுகிறார்களா. ‘இது அவமானப்படுத்துகிறதா?’ என்று கேட்டால் விவாதம் முடிவில்லாமல் போகும். ‘வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் கையிலேயே இருக்கும்.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையின் வைஸ் சிட்டியை வைத்து இதைச் செய்து காட்டுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய கேம் அது. 2002-இல் வந்தது, கதை நடப்பது 1986-இல், மியாமி மாதிரியான நகரத்தில். அதில் கியூபர்களும் ஹைட்டியர்களும் அடித்துக்கொள்ளும் இரண்டு கும்பல்கள். ஒரு கட்டத்தில் நாம் ஹைட்டியப் பாட்டியான ஆன்ட்டி பூலேயிடம் போகிறோம். அவர் ஏதோ குடிக்கக் கொடுக்கிறார், நம் ஹீரோ மதி மயங்கி அவர் சொன்னபடி ஆடுகிறார். கியூபர்கள் பக்கம் நின்று ஹைட்டியர்களைக் கொல்லவும் செய்கிறோம். ஹைட்டியர்களைக் கொல்லச் சொல்லும் ஒரு வரி திரையிலேயே வந்தது. 2003 கடைசியில் அமெரிக்காவின் ஹைட்டிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, நியூயார்க் மேயர் புளூம்பெர்க்கும் கண்டித்தார். பிறகு வெளியான பிரதிகளில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

வரி போனது. நோட்டின் வலப்பக்கம் அப்படியே இருக்கிறது. ஹைட்டியர்களுக்கு நேராக என்ன எழுதுவோம்? மாந்திரீகம், கஷாயம், கும்பல். அவ்வளவுதான். கியூபர்களுக்கு நேராக ஒரு காபிக் கடை, மகனைப் பற்றிப் பெருமையடிக்கும் அப்பா, வீராப்பு. கொஞ்சம் பரவாயில்லை. பதற்றக்கார வக்கீல் கென் ரோசன்பெர்க்குக்கு நேராக ஒரு பக்கமே எழுதலாம். அவருக்கு அலுவலகம் இருக்கிறது, போதைப் பழக்கம் இருக்கிறது, பயம் இருக்கிறது, நம் மேல் பாசமும் இருக்கிறது. அவரும் ஒரு ஸ்டீரியோடைப்தான், பழைய ஹாலிவுட் சரக்கு. ஆனால் அந்த முத்திரைக்குள் ஒரு மனிதர் நடமாட இடம் விட்டிருக்கிறார்கள்.

‘எல்லாரையும்தானே கிண்டல் செய்கிறார்கள், இதில் ஹைட்டியர்களுக்கு மட்டும் என்ன?’ என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். என் அக்கா மகனும் கேட்டான். ‘சித்தி, இதுல யாரையும் விட்டுவைக்கலையே!’ அவனுக்கு நான் சொன்ன பதில்: கிண்டலை எண்ணாதே, கிண்டல் போக மீதி என்ன இருக்கிறது என்று எண்ணு. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5-இன் மைக்கேலைக் கேம் வறுத்தெடுக்கிறது. ஆனால் அவருக்கு நீச்சல்குளம் உள்ள வீடும், புலம்புவதற்கு ஒரு மனநல ஆலோசகரும் கொடுத்துவிட்டுத்தான் வறுக்கிறது.

நோட்டோடு ஒரு நாள் வரலாற்றையும் திறந்து பாருங்கள். வைஸ் சிட்டி நடக்கும் காலத்துக்குச் சற்று முன்னால், 1980-இல், கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 1,25,000 பேர் படகுகளில் ஃபுளோரிடா வந்தார்கள். அதே கடலில் ஹைட்டியர்களும் படகில் வந்துகொண்டிருந்தார்கள். கியூபர்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குடியுரிமைப் பாதையைத் திறந்து வைத்திருந்தது. ஹைட்டியர்களை முகாமில் அடைத்தார்கள். 1981-இலிருந்து அமெரிக்கக் கடலோரக் காவல்படை அவர்கள் படகுகளை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அந்த நகரத்தில் இந்த இரண்டு சமூகங்களுக்கும் நடுவில் உண்மையாகவே ஒரு கசப்பு இருந்திருந்தால் அதன் காரணம் இதற்குள் இருக்கும். கேமில் அதன் வாசனைகூட இல்லை. படகில் வந்தவர்களின் கதை நமக்குப் பழக்கமில்லாத கதையா என்ன? மண்டபம் முகாமைப் பார்த்த நாம், ஆன்ட்டி பூலேயின் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

சப்டைட்டிலும் ரேடியோவும்

செட்டிங்ஸில் மொழியைப் பாருங்கள். அந்த ஊர் மொழியில் குரல் இருந்தால் அதையே வையுங்கள், சப்டைட்டிலை ஆங்கிலத்தில் வையுங்கள். யகுசாவின் முதல் பாகம் 2006-இல் மேற்கு நாடுகளுக்குப் போனபோது ஆங்கிலக் குரல் கொடுத்தார்கள். மஜிமா என்ற ரவுடிக்கு ஸ்டார் வார்ஸ் நடிகர் மார்க் ஹாமில் பேசினார். ஆங்கிலத்தில் அவர்கள் எல்லாரும் அமெரிக்க ரவுடிகளாகிவிட்டார்கள். அடுத்த பாகத்திலிருந்து பல வருடங்களுக்கு ஜப்பானியக் குரலிலேயே விட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் பாகம் 2010-இல் மேற்கே போனபோது பெண்கள் பேச்சுத்துணைக்கு உட்காரும் ஹோஸ்டஸ் கிளப், மாஜாங் ஆட்டம் போன்ற பகுதிகளை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். மேற்கத்தியர்களுக்கு இது ஒட்டாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். 2019-இல் வந்த புதுப் பதிப்பில் வெட்டியதைத் திருப்பிச் சேர்த்தார்கள். ஆகவே எந்தப் பதிப்பை ஆடுகிறோம் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மேக்ஸ் பெய்ன் 3-இல் தலைகீழ். சாவோ பாவ்லோக்காரர்கள் போர்த்துகீசியத்தில் பேசுவார்கள், சப்டைட்டிலிலும் மொழிபெயர்ப்பு வராது. ஹீரோவுக்குப் புரியாதது நமக்கும் புரியக்கூடாது என்ற கணக்கு. முதல் சில மணி நேரம் இது அருமையாக வேலை செய்கிறது, ஊர் புரியாமல் தவிக்கும் தவிப்பு நமக்கும் தொற்றிக்கொள்ளும். பாதிக்கு மேல் போனால் அந்த ஊர் மக்களின் பேச்சு வெறும் சத்தமாகிவிடுகிறது. பிரேசில்காரர் ஒருவர் இதே கேமை ஆடினால் அவருக்குத்தான் எல்லாம் புரியும், ஹீரோவுக்கு ஒன்றும் புரியாது. அவர் ஆடுவது நாம் ஆடும் கேமே இல்லை.

ரேடியோவை அணைக்காதீர்கள். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4-இல் விளாடிவோஸ்டோக் எஃப்.எம். என்ற ரஷ்யப் பாட்டு நிலையம் இருக்கிறது, தொகுத்து வழங்கும் குரல் உக்ரைன் பாடகி ருஸ்லானாவுடையது. 5-இல் மெக்சிகோ வேர்களுள்ள ஈஸ்ட் லாஸ் எஃப்.எம். பல சமயங்களில் ஒரு சமூகத்துக்குத் தெருவில் கிடைக்காத இடம் ரேடியோவில் கிடைத்துவிடுகிறது. தெருவில் அவர்களைச் செய்தது என்னைப் போன்ற வெளியாட்கள், ரேடியோவுக்கு அந்தச் சமூகத்து ஆட்களையே கூப்பிட்டிருக்கிறார்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

போலீஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது

சட்டம் ஒரு நாட்டின் கண். அதைச் சோதிக்க வேண்டும். ஸ்லீப்பிங் டாக்ஸில் ரொம்ப நேரத்துக்குத் துப்பாக்கியே கைக்கு வராது, கை, கால், கத்திதான். ஹாங்காங்கில் துப்பாக்கிச் சட்டம் கடுமை என்பதைப் பாடம் நடத்தாமல் விளையாட்டாகவே சொல்லிவிட்டார்கள்.

இதில் என் மதிப்பில் எல்லாவற்றையும் தாண்டிப் போனது 2016-இல் வந்த மாஃபியா 3. நியூ ஆர்லியன்ஸ் மாதிரியான நகரம், 1968, வியட்நாமிலிருந்து திரும்பிய கறுப்பின இளைஞர் லிங்கன் கிளே. பணக்கார வெள்ளையர் பேட்டையில் ஏதாவது செய்தால் போலீஸ் பறந்து வரும். கறுப்பர்கள் வாழும் ஏழைப் பேட்டையில் அதையே செய்தால் மெதுவாக வரும். சில கடைகளுக்குள் லிங்கன் நுழைந்தாலே உள்ளே இருப்பவர் போலீஸைக் கூப்பிடுவார். வசனத்தில் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். வண்டியில் தப்பி ஓடும்போது ‘அந்தத் தெரு வேண்டாம், இந்தத் தெரு’ என்று என் விரலே தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. மிஷன்களை மட்டும் பார்த்தால் இந்த கேம் சில இடங்களில் அலுப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: ஒரே தப்பை இரண்டு பேட்டைகளில் செய்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் எதுவும் இல்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான். பெரும்பாலான கேம்களில் போலீஸுக்கு எல்லாரும் சமம்.

எதிர்ப்பு வந்திருந்தால், என்ன சொன்னார்கள் என்று முழுதாகப் படியுங்கள்

‘கேமுக்கு எதிர்ப்பு’ என்ற தலைப்போடு நிறுத்தாதீர்கள். வைல்ட்லேண்ட்ஸ் வந்தபோது பொலிவிய அரசு பிரெஞ்சுத் தூதரகத்திடம் முறைப்படி புகார் கொடுத்தது. கற்பனைதானே என்று நிறுவனம் பதில் சொன்னது. இணையத்தில் நிறையப் பேர் பொலிவியாவைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். கொக்கெயின் எடுப்பது கோகா இலையிலிருந்துதான், ஆனால் அந்த நாட்டில் அந்த இலையை மெல்வதும், டீ போட்டுக் குடிப்பதும் மலைவாழ் மக்களின் அன்றாடம். அப்போது அதிபராக இருந்த ஏவோ மொராலஸே கோகா விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்தவர். அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பை 2008-இலேயே நாட்டைவிட்டு அனுப்பியவர்கள் அவர்கள். கேம் வெளியான அதே 2017 மார்ச்சில்தான் சட்டப்படி கோகா பயிரிடும் பரப்பை 22,000 ஹெக்டேராக உயர்த்தினார்கள். இந்தப் பின்னணியில், மெக்சிகோ கார்ட்டெல் ஒன்று பொலிவியாவையே விலைக்கு வாங்கிவிட்டதாகவும் அமெரிக்க வீரர்கள் போய்ச் சரிசெய்வதாகவும் ஒரு கதை வந்தால், அவர்கள் காதில் அது கற்பனையாக மட்டும் விழுமா?

மெக்சிகோ எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸின் கதை இன்னும் வலியானது. அங்கே 2010-இல் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொலையானார்கள். அடுத்த வருடம் போலந்து ஸ்டூடியோ ஒன்று அந்த ஊர்ப் பெயரையே தலைப்பில் தாங்கி, கால் ஆஃப் ஹுவாரெஸ்: தி கார்ட்டெல் என்று விற்றது. சிவாவா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் தடை கேட்டார்கள். தடை சரியான மருந்தா என்பது வேறு பேச்சு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பிணம் இன்னும் கூடத்தில் கிடக்கும்போது வாசலில் டிக்கெட் விற்பது எப்படி இருக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

நம் பக்கம் திரும்பும்போது

கோபன்ஹேகன் ஸ்டூடியோவின் ஹிட்மேன் வரிசை இந்தியாவுக்கு வந்திருக்கிறது. 2002-இல் வந்த ஹிட்மேன் 2: சைலன்ட் அசாசின் கேமில் சீக்கியர்களையும் அவர்கள் வழிபாட்டு இடத்தையும் நினைவூட்டும் காட்சிகளில் கொலை நடந்தது. சீக்கிய அமைப்புகள் எதிர்த்தன, வெளியீட்டாளர் மாற்றங்கள் செய்தார். 2018-இன் ஹிட்மேன் 2-இல் மும்பை வருகிறது. கூட்டம், சந்து, சலவைக்கூடம், பாதியில் நிற்கும் கட்டடம் என்று இடம் அசத்தல். பெயர்களுக்கு வாருங்கள். பாலிவுட் தயாரிப்பாளரின் பெயர் தாவூத் ரங்கன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாராவது படித்தால் மன்னிக்க வேண்டும். பட்டியல் ஒன்றிலிருந்து முன்பாதியையும் இன்னொன்றிலிருந்து பின்பாதியையும் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள், ஒரு இந்தியரிடம் கேட்டிருந்தால் ஐந்து நொடியில் முடிந்திருக்கும் விஷயம். ஆகவே உங்கள் நோட்டில் இதையும் சேருங்கள்: பெயர்களை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ‘தெற்காசியத் தெரு’ வேண்டும் என்று கேட்டு ஒரு ஸ்டூடியோ போட்டோக்கள் அனுப்பியது. மாடு, ஆட்டோ, சிக்குப்பிடித்த மின்கம்பி, தேவநாகரி எழுத்துப் பலகை. எந்த ஊர் என்று கேட்டேன். எந்த ஊராக இருந்தாலும் சரி என்றார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டேன்: ‘இந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள்?’ அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, கெடுத் தேதிதான் வந்தது. செய்து அனுப்பினேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் ஒன்றை நானாகச் சேர்த்தேன். அது எடுபட்டதா தெரியாது, கேம் வெளிவரவே இல்லை.

உள்ளூர்க்காரர் செய்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. யகுசாவை இவ்வளவு புகழ்ந்தேன் இல்லையா, அதன் இரண்டாம் பாகத்தை எடுங்கள். ஜப்பானியர்களுக்கு நோட்டின் வலப்பக்கம் வழிகிறது, பழிவாங்க வரும் கொரிய மாஃபியாவுக்கு ரகசியமும் ரத்தமும்தான். சொந்த ஊரைச் செல்லமாகப் பார்க்கும் கண், ஊருக்குள் இருக்கும் சிறுபான்மையினரிடம் போனதும் சுருங்கிவிடுகிறது. பின்னால் இதே ஸ்டூடியோ மாறியதையும் பார்க்கலாம். 2020-இல் வந்த யகுசா: லைக் எ டிராகன் யோகோஹாமாவில் நடக்கிறது. சீனக் கும்பல், கொரியக் கும்பல், ஜப்பானியக் கும்பல் என்று மூன்று. கேட்டதும் லிபர்ட்டி சிட்டி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் சீனத் தலைவர் சாவோவும் கொரியரான ஜூன்கி ஹானும் நம் கூட்டத்திலேயே சேர்ந்து, இரவில் பாரில் உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள். சாவோ நன்றாகச் சமைக்கவும் செய்வார். கும்பல் என்ற முத்திரையை அழிக்காமலே மனிதர்களை உள்ளே கொண்டுவர முடியும் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

2024-இல் இதே வரிசை ஹவாய்க்குப் போனது. இப்போது ஜப்பானியக் கண் அமெரிக்காவைப் பார்க்கிறது. வந்து இறங்கிய சற்று நேரத்திலேயே டாக்சி ஓட்டுநர் துப்பாக்கியைக் காட்டுகிறார், போலீஸும் யோக்கியமில்லை. அமெரிக்க நண்பர்கள் முகம் சுளித்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு முறை இந்த அனுபவம் வரட்டும் என்று எனக்குள் ஒரு கெட்ட எண்ணம் வந்ததை மறைக்கவில்லை.

எதை எதோடு சேர்த்து ஆடுவது

ஒரு கேமைத் தனியாக ஆடினால் அதன் கண் தெரியாது. இரண்டாக ஆடுங்கள். நேரம் குறைவென்றால் ஸ்லீப்பிங் டாக்ஸையும் ஏதாவது ஒரு யகுசாவையும் அடுத்தடுத்து ஆடுங்கள். இரண்டும் ஆசிய நகரம், இரண்டிலும் அடிதடி, ஒன்று கடல் தாண்டி நின்று பார்ப்பது, மற்றது தெருமுனையில் நின்று பார்ப்பது. இரண்டுமே பழசு, தள்ளுபடி வரும்போது வாங்கிவிடலாம். வைஸ் சிட்டி ஏற்கெனவே ஆடியவர்கள் அதோடு மாஃபியா 3-ஐச் சேர்த்து, போலீஸ் சோதனையை இரண்டிலும் செய்யுங்கள்.

கணினி தாங்குமென்றால் 2025-இல் வந்த மாஃபியா: தி ஓல்ட் கன்ட்ரி. இத்தாலிய மாஃபியா என்றால் அமெரிக்காவில் கோட் போட்டு நிற்பவர்கள் என்று இத்தனை வருடம் பார்த்துவிட்டோம். இது 1900-களின் சிசிலிக்கே போகிறது. ஹீரோ என்ஸோ கந்தகச் சுரங்கத்தில் சிறு வயதிலேயே விற்கப்பட்ட கூலி. தாதா ஆவதற்கு முன்னால் அவன் முதுகில் இருந்தது கந்தக மூட்டை. செட்டிங்ஸில் குரல் மொழி என்ற இடத்தில் சிசிலிய மொழி தனியாக இருக்கிறது. தொடங்குவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள், முதல் சுரங்கக் காட்சியே அந்தப் பேச்சில்தான் கேட்க வேண்டும்.